பந்தலுக்குப் பின்பக்கம்

மைக்கில் அமலியின் குரல் வந்ததுமே மங்களேஸ்வரிக்குப் பூசணிக்கீற்று கைநழுவியது. அரிவாள்மனையின் நுனி இடதுகைப் பெருவிரலை உரசிக்கொண்டு போனது. ரத்தம் வரவில்லை, வெள்ளையாக ஒரு கோடு மட்டும் விழுந்தது. வந்திருந்தால்தான் என்ன, இந்த நாற்பத்தோரு நாளில் தன் பங்குக்கு ஒரு சொட்டு ரத்தமாவது இந்தப் பந்தலில் விழுந்தது என்று ஆகியிருக்குமே என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, சீ, என்ன புத்தி இது, போராட்டத்துக்கு வந்த இடத்தில் இப்படியா ஒரு பொம்பளைக்கு நெனப்பு ஓடும் என்று தன்னையே வைதுகொண்டு அடுத்த கீற்றை எடுத்தாள். "தாய்மார்களே, பெரியவர்களே" என்று முன்பக்கம் அமலி ஆரம்பித்தாள். தாய்மார்களே! இரண்டு மாசத்துக்கு முன்னால் இந்த அமலோற்பவம் யாரையாவது தாய்மார்களே என்று கூப்பிட்டிருப்பாளா? குழாயடியில் நின்றுகொண்டு "ஏய் மங்களேசு, என் கொடத்தையும் சேத்து வையிடி" என்று கத்துகிற வாய்தானே அது? அடுத்தடுத்த வீடு, ஒரே வயசு, இருபது வருசமாக ஒரே குழாய். அவள் வீட்டுத் தையல் மிசின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அவளுக்குச் சந்தோசமா சடவா என்று இவள் சொல்லிவிடுவாள். இப்போது அந்தக் குரல் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக வல்லனேந்தல் விலக்கு ரோடு முழுக்கப் போகிறது, பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிக் கேட்கிறார்கள். இவளோ பந்தலுக்குப் பின்பக்கம், கீற்றுத் தட்டிக்கு அந்தாண்டை, மூன்று கல்லும் அண்டாவும் விறகுமாக உட்கார்ந்து முந்நூறு பேருக்குச் சாம்பார்சாதத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே உட்காரவைத்தது யார்? அமலிதான். நாலாம் நாள், சோற்றுக்கு என்ன வழி என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, "கல்யாண வீட்டுக்கெல்லாம் சமைக்கிற ஆளு நம்மகிட்ட இருக்கா, என்ன கவலை? மங்களேசு கையி பட்டா ஊரே திங்கும்ல" என்று தோளில் கைபோட்டுச் சிரித்தாள். அது புகழ்ச்சியா, இல்லை உன் இடம் அங்கிட்டுதான் என்று காட்டினதா? அன்றைக்குப் புகழ்ச்சி என்றுதான் நெஞ்சு குளிர்ந்தது. பத்தாம் நாள் சந்தேகம் வந்தது. இருபதாம் நாளிலிருந்து அந்தக் கை தோளில் விழுந்த இடம் அப்படியே கனத்துக்கொண்டிருக்கிறது. பருப்பு கொதித்து நுரைகட்டியது. தட்டை நகர்த்தப் போனால் கைமேல் எட்டு ஈ. விரட்டினால் பதினாறாக வந்து உட்காருகின்றன. கண்மாய்க்கு அக்கரையில் அந்த ஆலை வந்த நாளிலிருந்து இதுதான் கதி. மாவட்டத்துக் கோழிக்கடைக் கழிவெல்லாம், குடல், இறகு, தலை, எல்லாம் தார்ப்பாயில் ஒழுக ஒழுக லாரியில் வந்து அங்கே வேகிறது. காற்று தெற்கே திரும்பினால் சோற்றைப் பிசைந்த கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. போன தையில் சங்கவியைப் பெண்பார்க்க வந்தவர்கள், பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கியவர்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்தபடியே "அப்புறம் சொல்லி விடுறோம்" என்று எழுந்துபோனாள். மகள் உள்ரூமில் புதுச்சேலையோடு உட்கார்ந்து, "நம்ம வீடுதான் நாறுதாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இருக்கிறதே, அதுதான் மங்களேஸ்வரியை ரோட்டுக்குக் கொண்டுவந்தது. அமலியை அல்ல. இவளைத்தான்.

அதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? தாசில்தார் ஜீப் வந்த அன்றைக்கு, கிணற்றில் கொழுப்பு மிதந்த தண்ணீரை ஒரு குடம் மொண்டு தூக்கிக்கொண்டு தனியாகப் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றது யார்? "இதை ஒரு தம்ளர் குடிங்க சார், நான் வழிய விட்டுர்றேன்" என்று கேட்டது யார்? அப்போது அமலி பத்தடி பின்னால், "வாடி, வம்பு வேணாம்டி" என்று இவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பந்தல் போட்ட மூன்றாம் நாள் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் இவள் என்ன செய்தாள்? நினைத்தாலே காது சுடுகிறது. முகம் கழுவி, சேலை மாற்றி வரலாம் என்று வீட்டுக்குப் போனாள். பவுடர் போட்டாள். பொட்டைக்கூட மாற்றினாள். திரும்பி வந்தால் மைக் அமலி வாய்க்கு முன்னால் நிற்கிறது, அவள் கலைந்த தலையும் வியர்வையுமாக, "எங்க புள்ளைக சோத்துல ஈ விழுகலங்கய்யா, ஈயில சோறு விழுகுது" என்கிறாள். அந்த ஒரு பேச்சு செல்போன் செல்போனாகப் போய், மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கிளம்பி வந்தார்கள், பக்கத்து மாவட்டத்திலிருந்து விவசாயிகள் வந்தார்கள், ஆலைச் சுவரில்கூட யாரோ கரியால் எழுதி வைத்தார்கள். ஈயில சோறு விழுகுது. அது யார் சொன்னது? முந்தின நாள் குழாயடியில் மங்களேஸ்வரி சொன்னது! மகளுக்குச் சோறு போட்ட கதையைச் சொல்லும்போது இவள் வாயில் தானாக வந்தது. அமலி கேட்டுவிட்டு, "எப்புடிடி இப்புடியெல்லாம் பேசுற" என்று குடத்தை இடுப்பில் வைத்தாள். குடத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டுமென்று செய்தாளா? மைக்கைக் கண்ட பதற்றத்தில் மனசில் இருந்தது வந்துவிட்டதா? ஒருநாள்கூட, "அது மங்களேசு சொன்னது" என்று சொல்ல வாய் வரவில்லையே. சொல்லுவாள், இன்றைக்குச் சொல்லுவாள் என்று நாற்பது நாளாகக் காது கொடுத்து, நாற்பது நாளும் குழம்பைக் கிண்டினதுதான் மிச்சம்.

"மங்களேசு, உப்பு பாரு" என்று பஞ்சவர்ணம் கரண்டியை நீட்டினாள். அவளும் இவளோடு கல்யாண வேலைக்கு வருகிறவள், பல் போனவள், யாரிடமும் பயம் கிடையாது. நாக்கில் வைத்தால் உப்பும் தெரியவில்லை புளிப்பும் தெரியவில்லை. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். முன்பக்கம் திடீரென்று சத்தம் கூடியது. எம்.எல்.ஏ. வந்துவிட்டார். நாற்பத்தோரு நாள் கழித்து வருகிறார். தட்டிச் சந்து வழியாகப் பார்த்தால் வெள்ளைக் கார், கண்ணாடி முழுக்க ஏற்றியது, கதவு திறந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோய், ஆள்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நெற்றியைத் துடைக்கிற மாதிரி மாற்றிக்கொள்கிறார். "ஓட்டுக் கேட்டு வந்தப்ப இதே நாத்தம்தானே? எங்க வீட்டுல உக்காந்து கஞ்சி குடிச்சாரு, மூக்கப் பொத்துனாரா? செயிச்ச மூக்குக்குத்தான் நாறுது" என்றாள் பஞ்சவர்ணம். மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. கண் வேறு இடத்தில் இருந்தது. எம்.எல்.ஏ. நேராக அமலியிடம் போய்க் கும்பிடுகிறார். அமலி எழுந்திருக்காமலே கும்பிடுகிறாள். எழுந்திருக்காமலே! அந்த நெஞ்சுரத்தைப் பார்த்துப் பெருமைப்படத்தான் வேண்டும். நம்ம தெருப் பொம்பளை முன்னால் ஒரு எம்.எல்.ஏ. குனிந்து நிற்கிறான். ஆனாலும் கண் அமலியின் நாற்காலியை விட்டு நகரவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் எழுந்திருப்பேனா மாட்டேனா? எழுந்திருப்பேன், கண்டிப்பாக எழுந்திருப்பேன், அதனால்தான் என்னை அங்கே உட்காரவைக்கவில்லை. இல்லை, உட்கார்ந்து பழகினால் நானும்தான் எழுந்திருக்க மாட்டேன். பழக விட்டால்தானே.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" தட்டியை விலக்கிக்கொண்டு துரைக்கண்ணு வந்து நின்றான். எம்.எல்.ஏ.வின் ஆள், எந்தத் துக்கவீட்டிலும் அவருக்கு முன்னால் மாலையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன். பஞ்சவர்ணம் அவனைக் கண்டதும் துப்பிவிட்டு இலைக்கட்டை எடுக்கப் போய்விட்டாள். மங்களேஸ்வரி செம்பை நீட்டினாள். அவன் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்னக்கா, நீங்க இங்கிட்டு உக்காந்து புகையத் தின்னுக்கிட்டிருக்கீக? இதையெல்லாம் ஆரம்பிச்சதே நீங்கதான்னு எங்களுக்குத் தெரியாதா? கொடத்தோட ஜீப்ப மறிச்சது யாரு? அண்ணனே சொன்னாக, வல்லனேந்தல்ல உண்மையான ஆளு மங்களேஸ்வரிதான்னு." அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி சரிந்தது. அதை உள்ளே தள்ளக்கூட அவளுக்குக் கை வரவில்லை. நாற்பத்தோரு நாளில் அதை ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், சொன்னது இவன்தானா, இந்த நாய்தானா சொல்லவேண்டும், இருந்தாலும் சொல்லிவிட்டான். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்கட்டும் என்று விட்டாள். துரைக்கண்ணு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். நகல் எடுத்த தாள். மூன்று வருசத்துக்கு முன்னால் ஆலைக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம், ஆட்சேபணை இல்லை என்று பேர் பேராகக் கையெழுத்து. "இது அவுக கையெழுத்துதானே? நாங்க சொன்னா அவுக இல்லேம்பாக. உங்களுக்குத் தெரியும்ல?" அ. அமலோற்பவம். 'ற்'றை மட்டும் பெரிசாகப் போட்டிருக்கிறாள், ஜாக்கெட் அளவுச் சீட்டில் போடுகிற மாதிரியே. அதற்குக் கீழே உள்ள பேரை அவன் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தான். நகத்துக்கு அந்தப்பக்கம் ஒரு 'ரி' எட்டிப் பார்த்தது. அவளுடைய 'ரி'. "மத்தவுக பேரு நமக்கு எதுக்குக்கா? நான் பாக்கவும் இல்ல, படிக்கவும் இல்ல" என்று அவன் மெதுவாகச் சொன்னான். விரலை எடுக்கவில்லை.

ஒரு நிமிசம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிசத்தில் என்னென்ன ஓடியது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல், பிரியாணிப் பொட்டலம், ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். கோழித்தீவன ஆலை என்றுதான் சொன்னார்கள், வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்றார்கள். வரமாட்டேன் என்று தையல் மிசினில் உட்கார்ந்திருந்த அமலியை, "வாடி, ஒன் மகனுக்கு ஆகும்ல" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனது இவள்தான். பேனாவை முதலில் வாங்கினது அமலி, அவ்வளவுதான் வித்தியாசம். மாட்டேன் என்று சொல்லவேண்டும். தாளைப் பிடுங்கி அடுப்பில் போடவேண்டும், நகல்தானே, போட்டால் மட்டும் என்ன ஆகும். ஒலிபெருக்கியில் அமலி சிரித்தாள், கூட்டம் கைதட்டியது. எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. அந்தக் கைதட்டல் நின்றிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பாள். நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. "ஆமா, அவ போட்டதுதான்" என்றாள் மங்களேஸ்வரி. துரைக்கண்ணு செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் அரிசியைக் கொட்டினாளா, எப்போது கொட்டினாள், யார் துடுப்பை எடுத்துக் கொடுத்தது, ஒன்றும் ஞாபகமில்லை. நான் என்ன இல்லாததையா சொல்லிவிட்டேன், உள்ளதைத்தானே சொன்னேன் என்று ஒரு குரல். உள்ளதில் பாதியைச் சொன்னாய் என்று இன்னொன்று. அவள் மட்டும் என் பேச்சைப் பாதியாக எடுத்துக்கொள்ளவில்லையா, யார் பேச்சு என்று சொல்லாமல் விட்டது பாதி இல்லையா? ஒரு பேச்சுக்கும் ஒரு கையெழுத்துக்கும் சரியாகப் போயிற்று. போயிற்றா? அமலியின் சின்ன மகள் ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் இவளுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நாளைக்குச் செய்தித்தாளில் யார் படம் வரும் என்று பொறுமிக்கொண்டு படுத்திருந்தவள்தானே நீ. துடுப்பு அண்டாவின் அடியில் கரகரத்தது. பிடிக்கிறது, அடி பிடிக்கிறது என்று மூக்கு சொன்னது, கை மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே போய்விடுவார்களோ? ஓடிப்போய் அமலி காதில் சொல்லிவிட்டால் என்ன? நாலு எட்டுதான். அந்த நாலு எட்டை எப்படி எடுத்து வைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் எம்.எல்.ஏ.வின் தொண்டைச் செருமல் கேட்டது.

"உங்க போராட்டத்தை நான் மதிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா யாரு உங்களை வழிநடத்துறாங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். இந்த ஆலை வரட்டும்னு கையெழுத்துப் போட்டவங்களே இன்னிக்கு மைக்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க." பேரை வாசித்தார். தகப்பன் பேர், கதவிலக்கம், எல்லாம் வாசித்தார். பந்தலில் ஈக்கூட்டம் கிளம்புகிற மாதிரி முணுமுணுப்பு எழுந்தது. மங்களேஸ்வரி துடுப்போடு தட்டியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அமலி இப்போதுதான் கையில் மைக்கோடு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஆமா, நான் போட்டதுதான்" என்றாள், குரல் உடைந்தது. "தீவன ஆலைன்னாக. படிக்காமப் போட்டேன். தப்புத்தான்." எம்.எல்.ஏ. விடவில்லை. "நீங்க மட்டுமா? யாரு கூட்டிட்டுப் போனா உங்களை? இன்னும் யார் யாரு போட்டாங்கன்னு சொல்லுங்களேன், ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்." அமலியின் கண் கூட்டத்தின் மேல் போய், பந்தலின் கடைசிக்கு வந்து, தட்டியில் நின்றவள்மேல் ஒரு கணம் நின்றது. நின்று, நகர்ந்துவிட்டது. "நான் மட்டுந்தான். என்னை யாரும் கூட்டிட்டுப் போகல."

காப்பாற்றிவிட்டாள். மங்களேஸ்வரிக்கு உடம்பெல்லாம் திகுதிகு என்றது. நன்றியாக இருக்கும் என்று பார்த்தால் நன்றி இல்லை. இதையும் இவளே எடுத்துக்கொண்டாளே! பேச்சை எடுத்தாள், நாற்காலியை எடுத்தாள், இப்போது பழியைக்கூட முழுசாக எடுத்துக்கொண்டு, என்னை ஒன்றுமில்லாதவளாக, மன்னிக்கப்பட்டவளாகப் பின்பக்கமே நிறுத்துகிறாளே! கால் எப்போது நகர்ந்தது என்று தெரியாது. உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலை மிதித்துக்கொண்டு, சாம்பார் சொட்டுகிற துடுப்போடு போய் அமலியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. "அந்தத் தாளுல அவளுக்குக் கீழ யாரு பேரு இருக்குன்னு வாசிங்கய்யா" என்றாள். தன் குரலே வேப்பமரத்திலிருந்து திரும்பி வந்து பயமுறுத்தியது. "மங்களேஸ்வரின்னு இருக்கும். வாசிங்க. அவளைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனதே நான்தான். அவ வரமாட்டேன்னா." எம்.எல்.ஏ. துரைக்கண்ணுவைப் பார்த்தார், துரைக்கண்ணு தரையைப் பார்த்தான். இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது, சற்றுமுன் அடுப்படியில் ஆமா என்றது. அது தொண்டை வரைக்கும் வந்தது. எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள், முந்நூறு முகம், செல்போன்கள் அவள் பக்கம் திரும்புகின்றன, அந்த வெளிச்சத்தில் அது வந்த வழியே உள்ளே இறங்கிவிட்டது. உண்மைக்காகத்தான் ஓடிவந்தேனா, இதற்காக ஓடிவந்தேனா? அதற்குள் பின்னால் இலைக்கட்டோடு நின்ற பஞ்சவர்ணம் கத்தினாள்: "எல்லாருந்தேன் போட்டோம்! அந்த டிபன் பாக்ஸு எங்க வீட்டுலயும் இருக்கு, மூடிதான் சேராது! ஏமாத்துனவன விட்டுப்புட்டு ஏமாந்தவளப் புடிக்க வந்துட்டாரு!" கூட்டம் சிரித்தது. ஒரு மூலையில் ஆரம்பித்துப் பந்தலே குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எம்.எல்.ஏ.வால் நிற்க முடியவில்லை. கலெக்டரிடம் பேசுகிறேன் என்று இரண்டு தரம் சொன்னார், அது யாருக்கும் கேட்கவில்லை. கார்க் கண்ணாடி ஏறியது. இத்தனைக்கு நடுவிலும், நான் பேசினதற்கு ஒரு கைதட்டல்கூட இல்லை, பல்லில்லாத கிழவி ஒரு மூடியைச் சொல்லிச் சாய்த்துவிட்டாளே என்று மங்களேஸ்வரிக்கு ஒரு ஓரத்தில் ஓடியது. ஓடியதை அவளே பார்த்துத் திகைத்து நின்றாள்.

சாதம் அடி பிடித்துத்தான் போயிருந்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் அமலி இலையோடு பின்பக்கம் வந்து விறகுக்கட்டையில் உட்கார்ந்தாள். இருவர் மட்டும். அமலி இரண்டு வாய் தின்றாள். "ஏண்டி மங்களேசு, நான் போடலேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பானுக? என் கையெழுத்துத்தான்னு அத்தன உறுதியா எப்புடிடி வாசிச்சான்?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், மனசில் ஒன்றும் இல்லாமல். தெரியாது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு இவள் தெரியாது என்றால் அமலி நம்புவாள், சாகிறவரைக்கும் நம்புவாள். "நான்தான் சொன்னேன்" என்றாள் மங்களேஸ்வரி. "துரைக்கண்ணு வந்து கேட்டான். ஆமான்னேன். அந்த ஈயில சோறு விழுகுதுங்கிறது நான் சொன்னதுடி. ஒருநாளாச்சும் நீ சொல்லுவேன்னு பாத்தேன்." அமலியின் கை இலையிலேயே நின்றது. ஈக்கள் கையையும் சோற்றையும் சேர்த்து மூடின, அவள் விரட்டவில்லை. "அது நீ சொன்னதா?" என்றாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "எனக்கு நெனப்பே இல்லடி. நானே சொன்னேன்னுதான் இருந்தேன்." நடிக்கிறாளா என்று மங்களேஸ்வரி அவள் முகத்தைத் துழாவினாள். நடிப்பு இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நாற்பது நாள் வெந்தது ஒரு ஞாபகமறதிக்காகவா? "கோவமா?" என்று கேட்டாள். "கோவந்தான். வயிறு எரியுது. கொஞ்ச நாளைக்கு எங்கிட்டப் பேசாத" என்ற அமலி இலையை மடித்துப் போட்டாள், கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "நாளைக்கு மைக்கு ஒனக்கு. அடுப்ப நான் பாத்துக்கிறேன்." மன்னித்துச் சொல்கிறாளா, தண்டித்துச் சொல்கிறாளா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு அண்டாவைச் சரித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மங்களேஸ்வரி முன்பக்கம் போனாள். பந்தல் காலியாக இருந்தது, அங்கங்கே சிலர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அமலியின் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு என்ன பேசுவது? சங்கவியைப் பெண்பார்க்க வந்த கதையைச் சொல்லலாம். அதை எங்கே ஆரம்பிப்பது, பஜ்ஜித் தட்டிலா, மகள் கேட்ட கேள்வியிலா? தாய்மார்களே என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், கூசியது. வேறு மாதிரி ஆரம்பிக்கவேண்டும். தட்டிக்கு அந்தாண்டை பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது: "நீயா சமைக்கப்போற அமலி? போன கிறிஸ்துமசுக்கு நீ ஆக்குன சோத்து ருசி இன்னும் நாக்குலயே நிக்குதுடி." மங்களேஸ்வரியின் முதுகு நிமிர்ந்தது. சொல்லவேண்டிய பேச்சு எங்கோ போய்விட்டது. அமலி அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறாள், பஞ்சவர்ணம் மேற்கொண்டு என்ன சொல்லப்போகிறாள் என்று, மூச்சை அடக்கிக்கொண்டு, காதைப் பின்பக்கத்துக்கே கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.